தேங்கிய நீரும் ஊரின் நோயும்: டாக்டர் ரொனால்டு ராஸ் வாழ்க்கை

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு ஏறிச் செல்வோர், வழியெங்கும் காப்பித் தோட்டங்களையும், மரங்களில் படர்ந்திருக்கும் மிளகுக் கொடிகளையும் காண்பார்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் இருக்கிறது இவ்வூர். 1820-ஆம் ஆண்டுகளில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் இந்தச் சேர்வராயன் மலையில் காப்பியைப் பயிரிடச் செய்தார். அதன் பின் ஆங்கிலேயர்கள் இங்கே பங்களாக்கள் கட்டிக் குடியேறினர். உதகமண்டலம், கொடைக்கானல், ஏற்காடு என்று அவர்கள் மலைகளைத் தேடிப் போனதற்கு வெயில் மட்டுமா காரணம்? இல்லை. காய்ச்சலுக்கு அஞ்சியும் போனார்கள்.

அந்தக் காய்ச்சலுக்கு நம் முன்னோர் குளிர்காய்ச்சல் என்றும், முறைக்காய்ச்சல் என்றும் பெயரிட்டிருந்தனர். உடல் நடுங்கும், போர்வை மேல் போர்வை போர்த்தினாலும் குளிர் அடங்காது. பிறகு அனலாய்க் கொதிக்கும். வியர்த்து விட்டுப் போகும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மறுபடியும் வரும். சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றே இதற்குக் காரணம் என்று ஐரோப்பியர் நம்பினர். ‘மலேரியா’ என்ற இத்தாலியச் சொல்லுக்கே கெட்ட காற்று என்பதுதான் பொருள். கெட்ட காற்றுக்குத் தப்ப உயரமான இடத்துக்குப் போக வேண்டும் என்பது அவர்கள் கண்ட வழி.

ஆனால், அன்பார்ந்த வாசகர்களே! மலை ஏற எல்லோராலும் முடியுமா? கலெக்டர் துரை ஏறலாம். தோட்ட முதலாளி ஏறலாம். அடிவாரத்துக் காட்டில் மரம் வெட்டுகிறவனும், மூட்டை சுமந்து மேலும் கீழும் நடக்கிறவனும், சமவெளியில் ஏர் உழுகிறவனும் எங்கே போவார்கள்? நோயிலிருந்து தப்பி ஓடுவது ஒரு சிலருக்கு மட்டுமே இயலும். நோயை அது பிறக்கும் இடத்திலேயே தடுத்தால் ஊர் முழுவதும் தப்பும். பொதுச் சுகாதாரம் என்று இன்று நாம் சொல்வதன் அடிப்படை இதுதான். இந்த உண்மையை மலேரியா விஷயத்தில் உலகுக்கு நிரூபித்தவர் டாக்டர் ரொனால்டு ராஸ். அவருடைய பணியின் முக்கியப் பகுதி நம் தென்னாட்டு மண்ணிலேயே நடந்தது. அதில் ஏழை முஸ்லிம்கள் சிலருக்கும் பங்கு உண்டு என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

பிறப்பும் கல்வியும்

ராஸ் பிறந்தது இமயமலை அடுக்கில் உள்ள அல்மோராவில், 1857-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆம் நாள். மீரட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து மூன்று நாட்களே ஆகியிருந்தன. தந்தை ஆங்கிலேய ராணுவ அதிகாரி. பத்துப் பிள்ளைகளில் ராஸ் மூத்தவர். எட்டாவது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார்.

சிறு வயதில் அவர் மனம் வைத்தியத்தை நாடவில்லை. ஓவியம் தீட்டவும், கவிதை எழுதவும், கணிதம் போடவுமே அவருக்கு விருப்பம். மகன் டாக்டராகி இந்திய மருத்துவப் பணியில் சேர வேண்டும் என்பது தந்தையின் பிடிவாதம். தந்தையின் சொல்லுக்காக லண்டனில் செயின்ட் பார்தலோமியு மருத்துவமனையில் சேர்ந்தார். ஏனோதானோ என்று படித்தார். ஒரு பரீட்சையில் தேறாமல் போய், கப்பலில் வைத்தியராகச் சில காலம் வேலை பார்த்து, பின்பு மறுபடியும் எழுதித் தேறினார். 1881-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். சென்னை, பெங்களூர், பர்மா, அந்தமான் என்று படைகளோடு ஊர் ஊராய்ச் சென்றார். வேலை கொஞ்சம், ஓய்வு அதிகம். அந்த ஓய்வில் கவிதையும் கதையும் எழுதினார்.

பெங்களூரில் 1883-இல் நடந்த ஒரு சிறு சம்பவத்தை அவர் தம் சுயசரிதையில் குறித்து வைத்திருக்கிறார். அவர் தங்கியிருந்த பங்களாவில் மற்ற வீடுகளைவிடக் கொசுத் தொல்லை அதிகம். தேடிப் பார்த்தபோது ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதில் புழுக்கள் நெளிந்தன. தொட்டியைக் கவிழ்த்தார். கொசு குறைந்தது. அதே போல் மற்றத் தொட்டிகளையும் கவிழ்த்து விடலாமே என்று ராணுவ அதிகாரி ஒருவரிடம் யோசனை சொன்னார். இயற்கையின் ஒழுங்கில் நாம் தலையிடக் கூடாது என்று அந்த அதிகாரி மறுத்து விட்டார். கொசுவுக்கும் காய்ச்சலுக்கும் தொடர்பு உண்டென்று அன்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் ராஸின் பிற்கால வாழ்க்கை முழுவதும் இந்தச் சிறு சம்பவத்தில் அடங்கியிருக்கிறது எனலாம். ஒருவர் தொட்டியைக் கவிழ்க்கிறார். பக்கத்தில் இருப்பவர் கவிழ்க்க மறுக்கிறார். கொசு அங்கிருந்து இங்கே பறந்து வருகிறது!

பணியில் சேர்ந்து ஏழு ஆண்டுகள் கழித்து விடுமுறையில் இங்கிலாந்து சென்றவர், பொதுச் சுகாதாரத்துக்கென அப்போது புதிதாக ஏற்பட்டிருந்த டிப்ளமோ பரீட்சையை எழுதித் தேறினார். நுண்கிருமிகளைப் பற்றியும் பயின்றார். 1889-இல் ரோசா பிளாக்ஸம் என்ற பெண்மணியை மணந்துகொண்டு இந்தியா திரும்பினார். அதன் பிறகே வைத்தியத்தில் அவர் மனம் ஊன்றியது.

குருவும் மாணவரும்

இதற்கிடையில் 1880-ஆம் ஆண்டு நவம்பரில், அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில், லாவெரான் என்ற பிரெஞ்சு ராணுவ டாக்டர் ஒரு காய்ச்சல்காரரின் ரத்தத்தில் உயிருள்ள ஒரு நுண்ணிய ஒட்டுண்ணியைக் கண்டிருந்தார். மலேரியாவுக்குக் காரணம் காற்றல்ல, இந்த உயிரிதான் என்று அவர் அறிவித்தார். பலர் நம்பவில்லை. ராஸும் முதலில் நம்பவில்லை. தம்முடைய நுண்நோக்கியில் எவ்வளவு தேடியும் அது அவருக்குத் தென்படவில்லை.

1894-இல் லண்டனுக்குச் சென்றபோது டாக்டர் பாட்ரிக் மான்சன் என்பவரைச் சந்தித்தார். மான்சன் சீனாவில் இருந்தபோது, யானைக்கால் நோய்ப் புழு கொசுவின் உடலுக்குள் வளர்வதைக் கண்டவர். அவர் ராஸுக்கு மலேரியாக் கிருமியை நுண்நோக்கியில் காட்டினார். இந்தக் கிருமியும் கொசுவுக்குள்தான் வளர வேண்டும் என்ற தம் ஊகத்தையும் சொன்னார். ஆனால் அந்த ஊகத்தில் ஒரு பிழை இருந்தது. கொசு தண்ணீரில் விழுந்து சாகிறது, அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்குக் காய்ச்சல் வருகிறது என்று அவர் நினைத்தார்.

1895-இல் ராஸ் செகந்தராபாத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே மலேரியா நோயாளியாக இருந்த அப்துல் காதிர் என்பவரின் ரத்தத்தைக் கொசுக்களுக்கு ஊட்டி, அந்தக் கொசுக்களை அறுத்துப் பார்க்கத் தொடங்கினார். கொசு செத்து மிதந்த தண்ணீரைச் சிலரைக் குடிக்கச் செய்தும் பார்த்தார். தெளிவான விடை கிடைக்கவில்லை. அவர் சோதித்தவை மலேரியாவைச் சுமக்காத வேறு இனக் கொசுக்கள் என்பது அவருக்கு அப்போது தெரியாது.

அதற்குள் பெங்களூரில் காலரா பரவவே, அரசாங்கம் அவரை அங்கே அனுப்பியது. ஆராய்ச்சி நின்றது. கிணறுகளையும் சாக்கடைகளையும் சீர் செய்வது, குடிநீரைக் காப்பது என்று ஊர்ச் சுகாதாரப் பணியில் நாட்கள் கழிந்தன. நோயாளிக்கு மருந்து கொடுப்பது மட்டும் வைத்தியமல்ல, நோய் வரும் வழியை அடைப்பதும் வைத்தியமே என்பதை இந்த நாட்கள் அவருக்குக் கற்பித்தன.

காப்பிச் சரிவில் கண்ட கொசு

1897-ஆம் ஆண்டு ஏப்ரலில் விடுமுறை எடுத்துக்கொண்டு ராஸ் உதகமண்டலம் சென்றார். மற்றவர்கள் அங்கே ஓய்வுக்குப் போவார்கள். அவரோ மலைக்குக் கீழே இறங்கினார். நீலகிரியின் வடக்குச் சரிவில் உள்ள சீகூர்க் கணவாயில், நம் ஏற்காட்டுச் சரிவுகளைப் போலவே காப்பித் தோட்டங்கள் இருந்தன. அங்கே காய்ச்சலும் நிறைய இருந்தது. தோட்டத் தொழிலாளரின் ரத்தத்தைச் சோதித்தார். தண்ணீரையும் கொசுவையும் சோதித்தார். கொசுவலைக்குள் படுத்தும் அவரையே காய்ச்சல் பிடித்துக்கொண்டது!

மலை உச்சியில் குறைவாயிருக்கும் இந்த நோய், சரிவிலும் அடிவாரத்திலும் ஏன் அதிகம்? குளிர் கூடக் கூடக் கொசுவின் உடலுக்குள் இக்கிருமி வளரும் வேகம் குறைந்து விடுகிறது என்பதை இன்று நாம் அறிவோம். சரிவிலும் அடிவாரத்திலும் சூடும் உண்டு, மெல்ல ஓடும் தெளிந்த ஓடையும் உண்டு. அத்தகைய ஓடைகளில் முட்டையிடும் ஒரு கொசு இனமே இந்தியாவின் மலைநாடுகளில் மலேரியாவைப் பெரிதும் பரப்புகிறது. மலைவாசத்தலம் காய்ச்சலிலிருந்து தப்பியது உயரமும் குளிரும் தந்த பாதுகாப்பினால்தான். காற்றின் தூய்மையினால் அல்ல.

சீகூரில் ராஸுக்குக் காய்ச்சலோடு ஒரு துப்பும் கிடைத்தது. சுவரில் ஒரு கொசு, மற்றக் கொசுக்களைப் போல் அல்லாமல், வித்தியாசமான முறையில் உட்கார்ந்திருந்ததைக் கண்டார். சிறகில் புள்ளிகள் உள்ள இனம் அது. அனோபிலிஸ் என்று இன்று நாம் சொல்லும் கொசு அதுவே. அப்போது அதன் பெயர்கூட அவருக்குத் தெரியாது. ஆனால் மறக்காமல் மனத்தில் குறித்துக்கொண்டார்.

ஹுஸைன் கானும் பத்துக் கொசுக்களும்

ஜூன் மாதத்தில் செகந்தராபாத் திரும்பினார். கடும் புழுக்கம். விசிறி போட்டால் மேஜை மேலுள்ள கொசுக்கள் பறந்துபோகும் என்பதால் விசிறி இல்லாமலேயே வேலை. நெற்றி வியர்வை சொட்டிச் சொட்டி நுண்நோக்கியின் திருகாணிகள் துருப்பிடித்தன. அதன் கண்ணாடியும் விரிசல் விட்டிருந்தது. நூற்றுக்கணக்கான கொசுக்களை அங்கம் அங்கமாகப் பிரித்துத் தேடினார். ஒன்றுமில்லை.

ஆகஸ்டு மாத நடுவில் அவருடைய உதவியாளர்கள் கொண்டு வந்த புழுக்களிலிருந்து, அவர் தேடிய புள்ளிச் சிறகுக் கொசுக்கள் பிறந்தன. புட்டியிலேயே பிறந்தவை என்பதால் அவை யாரையும் அதற்கு முன் கடித்திருக்கவில்லை. ஆகவே அவற்றுள் ஏதேனும் தென்பட்டால், அது சோதனையில் குடித்த ரத்தத்திலிருந்தே வந்திருக்க வேண்டும். ஹுஸைன் கான் என்ற மலேரியா நோயாளி வலைக்குள் படுத்துக்கொண்டார். கொசுக்கள் அவரைக் கடித்தன. ஒரு கொசுவுக்கு ஓர் அணா கூலி. பத்துக் கொசுக்களுக்குப் பத்து அணா!

நாள்தோறும் சில கொசுக்களை அறுத்துப் பார்த்தார். சில தாமாகவே செத்தன. மிகச் சிலவே எஞ்சியிருந்தன. ஆகஸ்டு 20-ஆம் நாள், கண்கள் களைத்துப்போன வேளையில், ஒரு கொசுவின் இரைப்பைச் சுவரில் வட்டமான சில அணுக்களைக் கண்டார். அவற்றுக்குள் கரும்புள்ளிகள் இருந்தன. மலேரியாக் கிருமியில் காணப்படும் அதே கரும்புள்ளிகள்! மறுநாள் இன்னொரு கொசுவை அறுத்தார். அதே அணுக்கள், ஆனால் இன்னும் பெரிதாக வளர்ந்திருந்தன. கிருமி கொசுவுக்குள் உயிரோடு வளர்கிறது என்பது உறுதியாயிற்று. அந்த ஆகஸ்டு 20-ஆம் நாளே உலகக் கொசு தினமாக நினைவுகூரப்படுகிறது.

அப்துல் காதிரும் ஹுஸைன் கானும் காய்ச்சலில் கிடந்த எளிய மனிதர்கள். அறிவின் கதவு திறந்ததில் அவர்களுடைய ரத்தத்துக்கும் பங்கு உண்டு. நோயாளியிடம் விளக்கிச் சொல்லி, அவர் மனமார இசைந்த பிறகே சோதனை செய்ய வேண்டும் என்ற விதிகள் அன்று இல்லை, பிற்காலத்தில் வந்தன. பரிசும் பட்டமும் ஒருவருக்கே சென்றாலும், ஒரு நற்காரியத்தில் எத்தனை பேருடைய உழைப்பும் துன்பமும் கலந்திருக்கின்றன என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கல்கத்தாவில் முடிந்த தேடல்

கண்டதை முழுமையாக்குவதற்குள் அவரை ராஜபுதனத்துக்கு மாற்றி விட்டது அரசாங்கம். மான்சன் லண்டனில் வற்புறுத்திய பிறகு, 1898-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கல்கத்தாவில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. அங்கே வேறொரு தடை எழுந்தது. பிளேக் நோய்க்கு அரசாங்கம் எடுத்த கடுமையான நடவடிக்கைகளால் மக்கள் மனத்தில் அச்சமும் சந்தேகமும் நிறைந்திருந்தன. ரத்தப் பரிசோதனைக்காக விரலில் ஊசி குத்த வந்தாலே ஓடினார்கள். மக்களின் நம்பிக்கையை இழந்த சுகாதாரம் ஓரடிகூட நகராது என்பதற்கு இது ஒரு சான்று.

எனவே ராஸ் பறவைகளின் மலேரியாவை எடுத்துக்கொண்டார். சிட்டுக் குருவிகளும் வானம்பாடிகளும் கூண்டுகளில் வைக்கப்பட்டன. முகம்மது பக்ஸ் என்ற உதவியாளர் அவருக்குக் கிடைத்தார். கொசுப் புழுக்களைத் தேடிப் பிடிப்பது, வளர்ப்பது, இரவில் அவற்றைப் பறவைகளோடு வலைக்குள் விடுவது எல்லாம் அவர் பொறுப்பு. 1898 ஜூலையில், கிருமி கொசுவின் இரைப்பையிலிருந்து புறப்பட்டு அதன் எச்சில் சுரப்பியைச் சென்றடைவதை ராஸ் கண்டார். அப்படிப்பட்ட கொசுக்கள் நோயற்ற பறவைகளைக் கடித்தபோது அவற்றுக்கும் நோய் வந்தது. ஆக, நோய் காற்றாலும் வருவதில்லை, கொசு செத்த தண்ணீரைக் குடிப்பதாலும் வருவதில்லை. கொசு கடிக்கும்போதே உடலில் இறங்குகிறது!

அதே ஆண்டின் இறுதியில் இத்தாலியில் கிராஸி முதலான அறிஞர்கள், மனிதரின் மலேரியாவும் அனோபிலிஸ் கொசுவால் இவ்வாறே பரவுகிறது என்று நிரூபித்தனர். இதில் யாருக்கு முதலிடம் என்று ராஸுக்கும் கிராஸிக்கும் மூண்ட சச்சரவு பல ஆண்டுகள் நீடித்தது. தமக்கு வழிகாட்டிய மான்சனோடும் பிற்காலத்தில் ராஸ் மனம் கசந்தார். உழைப்பில் மலைபோல் நின்றவர், புகழ் விஷயத்தில் மனம் அடங்காதவராக இருந்தார். நல்லவற்றை எடுத்துக்கொண்டு, அல்லாதவற்றிலிருந்து படிப்பினை பெறுவதே வரலாறு படிப்பதன் பயன்.

ஊரைக் காக்கும் பணி

1899-இல் இந்தியாவை விட்டுச் சென்று, இங்கிலாந்தில் லிவர்பூல் வெப்ப மண்டல மருத்துவப் பள்ளியில் ஆசிரியரானார். 1902-இல் நோபல் பரிசு கிடைத்தது. மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்ற முதல் ஆங்கிலேயர் அவரே. ஆனால் கண்டுபிடிப்போடு வேலை முடிந்தது என்று அவர் இருந்துவிடவில்லை. தெரிந்துகொண்டதைச் செயலாக்குவதே உண்மையான வேலை என்று கருதினார்.

அவர் சொன்ன முறை மிகவும் எளிது. ஒவ்வொரு ஊரிலும் ஒரு சிறு படை வேண்டும். துப்பாக்கி ஏந்திய படை அல்ல. வாளியும் மண்வெட்டியும் எண்ணெய்க் குவளையும் ஏந்திய படை! வீடு வீடாகப் போய், தேங்கிய நீரைக் கொட்ட வேண்டும்; பள்ளத்தை நிரப்ப வேண்டும்; வடிகாலைத் திறந்து விட வேண்டும். கொட்ட முடியாத நீரில் எண்ணெய் தெளிக்க வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவில் ஃப்ரீடவுன் நகரில் இதைத் தொடங்கினார்.

1902-இல் சூயஸ் கால்வாய்க் கம்பெனி அவரை எகிப்துக்கு அழைத்தது. கால்வாய்க் கரையில் உள்ள இஸ்மாயிலியா நகரில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மலேரியாவில் விழுந்துகொண்டிருந்தனர். அவர் சொன்னபடி சதுப்புகள் தூர்க்கப்பட்டன. வீட்டுக் கழிவுநீர்த் தொட்டிகளுக்கு எண்ணெய் ஊற்றப்பட்டது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் நோயாளிகள் தொகை நூற்றுக்கும் கீழே இறங்கியது.

எல்லா இடத்திலும் இப்படி வெற்றி கிடைக்கவில்லை. லாகூருக்கு அருகில், இறைநேசர் மியான் மீர் (ரஹ்) அவர்களின் பெயரால் வழங்கிய ராணுவ முகாமில் இதே முயற்சி நடந்தது. பாசன வாய்க்கால்கள் நிறைந்த இடம் அது. ஓரிடத்தில் ஒழித்தால் கொசு மற்றோர் இடத்திலிருந்து வந்தது. முறையே பயனற்றது என்று அரசாங்க நிபுணர்கள் முடிவு கட்டினர். குறைந்த செலவில், குறைந்த காலத்தில், குறுகிய எல்லைக்குள் செய்துவிட்டுப் பலனில்லை என்பது நியாயமல்ல என்று ராஸ் வாதாடினார். இந்திய அரசாங்கம் காட்டிய மெத்தனம் அவருடைய கடைசி நாள் வரை அவரை வருத்தியது.

1907-இல் மொரிஷியஸ் தீவுக்குச் சென்றார். கரும்புத் தோட்டங்களுக்காக இந்தியாவிலிருந்து கொண்டு செல்லப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் நிறைந்த நாடு அது. தமிழர்களும் முஸ்லிம்களும் அவர்களில் உண்டு. அங்கே குழந்தைகளின் வயிற்றைத் தடவிப் பார்த்து, மண்ணீரல் வீங்கிய பிள்ளைகளின் தொகையைக் கொண்டு, ஊருக்கு ஊர் நோயின் அளவைக் கணித்தார். சிறு வயதில் அவர் விரும்பிய கணிதம் இங்கே கைகொடுத்தது. ஓர் ஊரில் உள்ள கொசுக்கள் அனைத்தையும் ஒழிக்க வேண்டியதில்லை. குறிப்பிட்ட ஓர் அளவுக்குக் கீழே குறைத்துவிட்டால் நோய் தானாகவே தேய்ந்து மறையும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். தொற்றுநோய்களைக் கணிதத்தால் அளக்கும் இன்றைய கலைக்கு அவர் முன்னோடிகளில் ஒருவர்.

1911-இல் சர் பட்டம் பெற்றார். 1914-இல் முதல் உலகப் போர் தொடங்கியதும் அவருடைய மூத்த மகன் போர்க்களத்தில் உயிரிழந்தார். 1926-இல் லண்டனில் அவர் பெயரால் ஓர் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. 1927 ஜனவரியில் கல்கத்தாவுக்கு வந்து, தாம் உழைத்த இடத்தில் எழுப்பப்பட்ட நினைவு வாயிலைக் கண்டார். கோடிக்கணக்கானோர் உயிர் காக்க வழி கண்டவர், முதுமையில் பண நெருக்கடியால் தம் கையெழுத்துக் குறிப்புகளை விற்க நேர்ந்தது. 1931-இல் மனைவி காலமானார். மறு ஆண்டு, 1932 செப்டம்பர் 16-ஆம் நாள், லண்டனில் ராஸும் மறைந்தார்.

அவருக்குப் பின்

நாடு விடுதலை பெற்றபோது இந்தியாவில் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேர் மலேரியாவால் வாடியதாகவும், எட்டு லட்சம் பேர் இறந்ததாகவும் மதிப்பிடப்பட்டது. 1953-இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிற்று. வீடுகளின் சுவர்களில் டி.டி.டி. மருந்து தெளிக்கப்பட்டது. 1965-இல் நோயாளிகள் ஏறத்தாழ ஒரு லட்சமாகக் குறைந்தனர். எல்லாம் முடிந்தது என்று விழிப்புத் தளர்ந்தது. கொசுவும் மருந்துக்குப் பழகிவிட்டது. 1976-இல் மறுபடியும் 64 லட்சம் பேருக்கு நோய் கண்டது! இலங்கையிலும் இவ்வாறே நேர்ந்தது. 1963-இல் நாடு முழுவதும் 17 பேருக்கே இருந்த நோய், 1968-இல் பெருவெள்ளமாகத் திரும்பியது. பின்பு பல்லாண்டுகள் ஊர் ஊராக விழித்திருந்து பாடுபட்டு, 2016-இல் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழை உலகச் சுகாதார நிறுவனத்திடம் இலங்கை பெற்றது. கிருமி முதன்முதலில் காணப்பட்ட அல்ஜீரியா 2019-இலும், இஸ்மாயிலியா இருக்கும் எகிப்து 2024-இலும் அதே சான்றிதழைப் பெற்றன. இந்தியாவிலும் நோய் வெகுவாகக் குறைந்திருக்கிறது, இன்னும் ஒழியவில்லை.

நமக்கு இதில் என்ன கடமை?

ஜனாஸாத் தொழுகையைப் போல, ஊரில் சிலர் நிறைவேற்றினால் எல்லோர் மீதும் பொறுப்பு நீங்குவதும், யாருமே நிறைவேற்றாவிட்டால் எல்லோரும் குற்றவாளிகளாவதுமான கடமைகளை ஃபர்ளு கிஃபாயா என்கிறோம். மக்கள் வாழ்வதற்கு இன்றியமையாத வைத்தியம் போன்ற கலைகளையும் நம் இமாம்கள் இந்த வகையில் சேர்த்திருக்கிறார்கள். ராஸின் வாழ்க்கை காட்டும் உண்மையும் இதற்கு வெகு அருகில் இருக்கிறது. என் வீட்டுத் தொட்டியில் பிறக்கும் கொசு என் வீட்டு மதிலோடு நின்றுவிடாது. நான் தொழுது, நோன்பு நோற்று, என் வீட்டுக் கொல்லையில் தேங்கிய நீரை அப்படியே விட்டு வைத்தால், அண்டை வீட்டுக் குழந்தையின் காய்ச்சலுக்கு நான் காரணமாகலாம். அண்டை வீட்டாரின் ஹக்கைப் பற்றி நம் மார்க்கம் எவ்வளவு வலியுறுத்துகிறது என்பதை நாம் அறிவோம்.

தேங்கிய நீரை அசுத்தப்படுத்தக் கூடாது என்றும், இரவில் பாத்திரங்களை மூடி வைக்க வேண்டும் என்றும், கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் போகவோ அங்கிருந்து தப்பி வெளியேறவோ கூடாது என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்திருக்கிறார்கள். இவற்றைக் காட்டி, கொசுவைப் பற்றிய ஆராய்ச்சி எல்லாம் எங்களிடம் முன்பே இருந்தது என்று பெருமை பேசுவது நம் வேலையல்ல. போதனையை ஏற்றவர்கள் அதன்படி நடந்தார்களா என்பதே நம்மிடம் கேட்கப்படும் கேள்வி.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. முட்டையிலிருந்து கொசு பறந்து போக, வெப்பமான நாட்களில் ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை நீரைக் கொட்டித் தொட்டியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவினால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். ஜும்ஆ நாளில் குளித்துத் தூய ஆடை உடுத்தும் வழக்கம் நமக்கு உண்டு. அதே நாளில் வீட்டில் உள்ள குடம், தொட்டி, பூச்சட்டியின் அடித்தட்டு, தேங்காய் ஓடு, பழைய டயர் எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்க்கும் வழக்கத்தையும் நம் தாய்மார்கள் ஏற்படுத்திக்கொள்ளலாம். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு, வீட்டுக்குள் இருக்கும் சுத்தமான நீரிலேயே முட்டையிடுகிறது என்பதை மறக்கக் கூடாது. நகரங்களில் மலேரியாக் கொசு பெரும்பாலும் கிணற்றிலும் மாடித் தண்ணீர்த் தொட்டியிலும் பிறக்கிறது. தொட்டிக்கு இறுக்கமான மூடி வேண்டும்.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஒளு செய்யும் ஹவ்ளில் கொசுப்புழுவைத் தின்னும் சிறு மீன்களை விடுங்கள். ஒளு செய்த நீர் ஓடும் கால்வாய் எங்கும் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மையவாடியில் கிடக்கும் உடைந்த சட்டிகளை அகற்றுங்கள். மஹல்லாவில் இளைஞர்கள் நாலைந்து பேர் சேர்ந்தால், ராஸ் சொன்ன வாளிப் படை தயாராகிவிடும். சுகாதாரப் பணியாளர் வீட்டு வாசலுக்கு வந்தால் முகம் சுளிக்காமல் கதவைத் திறந்து விடுங்கள். விடாத காய்ச்சல் கண்டால் தாமதிக்காமல் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையைக் காய்ச்சல் விட்டதும் நிறுத்தாமல் முழுவதும் சாப்பிடுங்கள். உடம்பில் தங்கும் கிருமி மற்றவருக்கும் பரவும்.

மலை மீது ஏறித் தம்மைக் காத்துக்கொண்டவர்கள் உண்டு. தொட்டியைக் கவிழ்த்து ஊரைக் காத்தவர்களும் உண்டு. ஊரைக் காப்பவர்களோடு நம்மையும் சேர்த்து, நம் இல்லங்களையும் அண்டை அயலாரையும் நோய் நொடியிலிருந்து வல்ல அல்லாஹ் காத்தருள்வானாக! ஆமீன்.